மென்பொருள் லைசென்ஸ்: சாவி யார் கையில்?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

பி.காம் படிக்கிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வினோத உலகம் உண்டு. அங்கே மாதத்துக்கு மூன்றே நாட்கள்தான் வியாபாரம் நடக்கும். 1, 2, 31. சரக்கு வாங்குவது, விற்பது, சம்பளம் போடுவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாமே இந்த மூன்று தேதிகளில்தான். மற்ற நாட்களில் ஊரே ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடும். கல்லூரி லேபில் டேலியை எஜுகேஷனல் மோடில் ஓட்டியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும் :-)

வணிகவியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். டேலி என்பது பெங்களூரைச் சேர்ந்த நிறுவனம் செய்யும் கணக்கு மென்பொருள். 1986-ல் தொடங்கிய நிறுவனம். நம் ஊரில் கணக்கெழுதுகிறவர்களிடம் 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்டால் 'டேலி பார்க்கிறேன்' என்றே பதில் வரும். அந்த அளவுக்குப் பெயரே தொழிலாகிவிட்டது. லைசென்ஸ் வாங்காமல் பழகுவதற்காக அதை ஓட்டினால், அந்தக் குறிப்பிட்ட தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட முடியும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் பார்த்த பூட்டுகளிலேயே யோக்கியமான பூட்டு இதுதான். 'படிக்கிற பிள்ளையா, இலவசமாகப் பழகிக்கொள். கடை நடத்தப் போகிறாயா, காசு கொடு.' இதில் என்ன தப்பு?

சரி, விஷயத்துக்கு வருவோம். மென்பொருளைக் கணினியில் நிறுவுவது பத்து நிமிட வேலை. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்று அமுக்கிக்கொண்டே போனால் முடிந்தது. நிறுவிய பிறகு வருகிறதே ஒரு கட்டம், சீரியல் நம்பர் கேட்டு, கீ கேட்டு, மின்னஞ்சல் முகவரி கேட்டு... அந்த ஆக்டிவேஷன் பற்றித்தான் இந்தப் பதிவு. அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. ஆனால் அந்த நிமிடத்தில்தான் 'இது யாருடையது' என்ற கேள்விக்குப் பதில் எழுதப்படுகிறது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். மென்பொருளைச் செய்தவருக்கு அதற்குப் பூட்டுப் போட முழு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பூட்டு, அதற்குள்ளே நான் எழுதி வைத்திருக்கும் என் கணக்கையும் சேர்த்துப் பூட்டக் கூடாது.

பூட்டுகள் பலவிதம்

அந்தக் காலத்தில் டாங்கிள் என்று ஒன்று இருந்தது. கணினியின் பின்னால் செருகும் சின்னக் கட்டை. அது செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும். பீரோ சாவி மாதிரி கையில் பிடித்துப் பார்க்கலாம். முதலாளி ராத்திரி கடையடைக்கும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். தொலைந்தால் தொலைந்ததுதான். ஆனால் ஒன்று, சாவி யாரிடம் இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது.

இணையம் வந்த பிறகு சாவி கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. நிறுவிய 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும். கணினியின் உறுப்புகளை வைத்து ஒரு அடையாள எண் உருவாகும். அது போய் நிறுவனத்தின் சர்வரில் பதிவாகும். மதர்போர்டு மாதிரி பெரிய உறுப்புகளை மாற்றினால் 'நீ யாரப்பா?' என்று மறுபடி கேட்கும்.

ஆயிரம் கணினி வைத்திருக்கும் கம்பெனிகளில் ஒவ்வொன்றாக இதைச் செய்ய முடியாது. அதற்கு வேறு ஏற்பாடு. கே.எம்.எஸ். என்ற முறையில் கம்பெனிக்குள்ளேயே ஒரு சர்வர் இருக்கும். மற்ற கணினிகள் அதனிடம் போய் அனுமதி வாங்கிக்கொள்ளும். அந்த அனுமதி 180 நாளுக்குத்தான் செல்லும். குறைந்தது 25 கணினிகள் வந்து கேட்டால்தான் அந்த சர்வர் அனுமதி கொடுக்கவே ஆரம்பிக்கும். பத்துக் கணினி வைத்திருக்கிற கடைக்காரருக்கு இந்தப் பந்தியில் இலை கிடையாது.

எஸ்.ஏ.பி. இன்னும் பெரிய இடம். நிறுவியதும் நான்கு வாரத்துக்கு ஒரு தற்காலிக லைசென்ஸ் தானாகக் கிடைக்கும். அதற்குள் அந்த சர்வரின் ஹார்டுவேர் கீயைக் கொடுத்து நிரந்தர லைசென்ஸ் கீயை வாங்கிப் போட வேண்டும். விட்டால் சாதாரணப் பயனர் யாரும் உள்ளே நுழைய முடியாது.

ஆரக்கிள் டேட்டாபேஸ் இதற்கு நேர் எதிர். அதில் இப்படி லைசென்ஸ் கீ கேட்கும் கட்டமே கிடையாது. நிறுவலாம், ஓட்டலாம். பின்னால் ஒருநாள் 'எத்தனை பிராசசரில் ஓட்டுகிறீர்கள், கணக்கு காட்டுங்கள்' என்று ஆடிட் வரும். பூட்டு இல்லாத வீடு, ஆனால் வாசலில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆடிட் பயம் சாதாரணமானதல்ல. 2017-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் எஸ்.ஏ.பி.க்கும் மதுபானக் கம்பெனியான டியாஜியோவுக்கும் ஒரு வழக்கு நடந்தது. டியாஜியோவின் விற்பனை ஆட்களும் வாடிக்கையாளர்களும் வேறொரு மென்பொருள் வழியாக எஸ்.ஏ.பி.யைத் தொட்டதும் 'உபயோகம்'தான், அதற்கும் காசு உண்டு என்று தீர்ப்பு வந்தது. எஸ்.ஏ.பி. கேட்ட தொகை 5.4 கோடி பவுண்டுக்கு மேல்.

நம் டேலிக்கு வந்தால், சில்வர் என்றால் ஒரு கணினி, கோல்டு என்றால் ஒரே நெட்வொர்க்கில் பல கணினி. சீரியல் நம்பரும் ஆக்டிவேஷன் கீயும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தால், அந்த முகவரிக்குத் திறவுகோல் வரும். கணினியை மாற்ற வேண்டுமானால் பழையதில் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். சரண்டர் என்ற சொல்லே ஏதோ போலீஸ் ஸ்டேஷன் விவகாரம் மாதிரி இருக்கிறது, இல்லையா?

காசு கொடுத்து வாங்கியது என்ன?

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம்.

மென்பொருள் பொருளா, சேவையா, உரிமையா என்று நம் நாட்டு நீதிமன்றங்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. 2004-ல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெட்டியில் போட்டு விற்கும் மென்பொருள் 'சரக்கு'தான், விற்பனை வரி உண்டு என்றது. 2021-ல் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றைத் தெளிவாக்கியது. வெளிநாட்டு நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கிப் பயன்படுத்துகிறவர் வாங்குவது ஒரு பிரதியைத்தான், காப்புரிமையை அல்ல. ஆகவே அந்தப் பணம் 'ராயல்டி' ஆகாது.

இது எனக்குப் பிடித்த தீர்ப்பு. புத்தகம் வாங்குவது மாதிரிதான். நாவலை வாங்கினால் அதை அச்சடித்து விற்கும் உரிமை எனக்கு வராது. ஆனால் அலமாரியில் இருக்கும் என் பிரதியை நான் எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். பதிப்பகம் இழுத்து மூடிவிட்டாலும் படிக்கலாம். பக்க ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு என்னுடையது.

ஆக்டிவேஷன் வைத்த மென்பொருள் அந்த இடத்தில்தான் புத்தகத்திலிருந்து வேறுபடுகிறது. ஒவ்வொரு முறை அலமாரி மாற்றும்போதும் பதிப்பகத்துக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் எடுக்கவில்லை என்றால், நான் எழுதிய ஓரக் குறிப்பையும் பார்க்க முடியாது.

கணக்குப் பதிவியல் என்ன சொல்கிறது? ஏ.எஸ்.26 (புலனாகாச் சொத்துகள்) நமக்கெல்லாம் பாடத்தில் உண்டு. ஒரு வளம் சொத்தாக வேண்டுமென்றால் அது நிறுவனத்தின் 'கட்டுப்பாட்டில்' இருக்க வேண்டும், அதிலிருந்து வருங்காலத்தில் பலன் வர வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். நிரந்தர லைசென்ஸை இருப்புநிலைக் குறிப்பில் சொத்து என்று எழுதுகிறோம். மாதாமாதம் கட்டும் சந்தாவைச் செலவில் எழுதுகிறோம். எழுதும்போது ஒருமுறையாவது 'கட்டுப்பாடு யார் கையில்?' என்று கேட்கிறோமா? சாவி வேறு ஒருவரின் மின்னஞ்சலில் கிடந்தால், அந்த வரிக்கு நேரே உட்கார்ந்திருக்கும் தொகைக்கு என்ன அர்த்தம்?

ஒரு பெயிண்ட் கடையில் நடந்தது

இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. மதியத்துக்கு மேல் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குக் கணக்கு வேலைக்குப் போகிறேன். அங்கே வரும் வாடிக்கையாளர்களில் பாளையங்கோட்டைப் பக்கம் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி உண்டு. எந்த மென்பொருள் வைத்திருந்தார் என்று சொல்லப் போவதில்லை. அது எதுவாக இருந்தாலும் கதை இதுதான்.

ஒரு மாதம் 8-ஆம் தேதி அவர் கடைக் கணினி உயிரை விட்டது. மதர்போர்டு காலி. பேக்கப் இல்லையா என்றால், இருந்தது. அண்ணாச்சி அந்த விஷயத்தில் கெட்டி. தினமும் ராத்திரி பென்டிரைவில் எடுத்து கல்லாப்பெட்டியில் வைத்துவிடுவார். புதுக் கணினி வாங்கினார். மென்பொருளை நிறுவினோம். ஆக்டிவேட் செய்யப் போனால், லைசென்ஸ் ஏற்கெனவே பழைய கணினியில் இருக்கிறது, பதிவு செய்த மின்னஞ்சல் வழியாக விடுவிக்கவும் என்று வந்தது.

யாருடைய மின்னஞ்சல்? அங்கேதான் சிக்கல். சில வருடம் முன்பு அதை நிறுவிக் கொடுத்த கணக்குப் பையன், அண்ணாச்சிக்கு மின்னஞ்சல் இல்லை என்று தன் முகவரியைப் போட்டிருக்கிறான். அவன் வேலையை விட்டு வளைகுடாப் பக்கம் போய்விட்டான். பழைய நம்பருக்கு அடித்தால் 'இந்த எண் உபயோகத்தில் இல்லை.'

'என்ன தம்பி இது? துட்டக் குடுத்து வாங்குனது நானு. பில்லு ஏம் பேர்ல இருக்கு. சாவி மட்டும் எவன்ட்டயோ இருக்குங்கீங்க?' என்றார் அண்ணாச்சி.

'கம்பெனிக்கு லெட்டர் போட்டாச்சு அண்ணாச்சி. பில்லு காப்பி, ஜி.எஸ்.டி. சர்ட்டிபிகேட் எல்லாம் அனுப்பியிருக்கோம். வந்துரும்' என்றேன்.

'வரட்டும். அதுவரைக்கும் எவன் எனக்கு எவ்ளோ பாக்கின்னு நான் எங்க போயிப் பாக்க?'

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பெயிண்டர்களும் காண்டிராக்டர்களும் கடனுக்கு வாங்கிப் போன சரக்கெல்லாம் அந்தப் பென்டிரைவுக்குள் இருக்கிறது. பென்டிரைவ் அவர் கையில் இருக்கிறது. ஆனால் திறந்து பார்க்க வழியில்லை. 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 வேறு போட வேண்டும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பில் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து, ஜி.எஸ்.டி. ஆஃப்லைன் டூலில் ஒவ்வொரு பில்லாக அடித்தோம். ஆறாவது நாள் லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கம்பெனி தன் விதிப்படி நடந்தது. அண்ணாச்சி காசு கொடுத்திருந்தார். ஆனாலும் ஆறு நாள் ஒரு வியாபாரி தன் சொந்தக் கடன் பட்டியலைப் பார்க்க முடியாமல் இருந்தார்.

காகிதப் பேரேடு காலத்தில் இப்படி ஒன்று நடக்கவே நடக்காது. பேரேடு விற்ற ஸ்டேஷனரிக் கடைக்காரரிடம் 'பக்கத்தைத் திருப்பலாமா?' என்று யாரும் அனுமதி கேட்டதில்லை.

பெரிய இடத்திலும் இதே கதை

'சின்னக் கடை, விவரம் போதவில்லை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

2025 ஜூலையில் நயாரா எனர்ஜிக்கு நடந்ததைப் பாருங்கள். குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் வருடத்துக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை வைத்திருக்கும் இந்தியக் கம்பெனி. அதில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு 49% அளவுக்குப் பங்கு உண்டு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் அதற்கான சேவைகளை நிறுத்தியது. மின்னஞ்சல் கூடப் போய்விட்டது. முழுப் பணம் கட்டி வாங்கிய லைசென்ஸ், எங்கள் தரவையே எங்களால் எடுக்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாளில் சேவை திரும்பியது. நயாரா நல்ல கம்பெனியா, ரஷ்ய எண்ணெய் வாங்கலாமா என்பதெல்லாம் வேறு பஞ்சாயத்து. இந்திய அரசோ இந்திய நீதிமன்றமோ எந்தத் தடையும் போடாத ஒரு இந்தியக் கம்பெனியின் மேசை, வேறு எங்கோ எடுத்த முடிவால் பூட்டப்பட்டது. அண்ணாச்சியின் கேள்வியைத்தான் நயாராவும் கேட்டது, வக்கீல் வைத்துக் கேட்டது.

நல்லபடியாக நடந்ததையும் சொல்ல வேண்டும். அடோபி நிறுவனம் 2005-ல் வெளியிட்ட சி.எஸ்.2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை 2012 கடைசியில் நிறுத்தியது. அப்போது ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக, ஆக்டிவேஷனே தேவைப்படாத பிரதியை வெளியிட்டது. இன்ட்யூட் நிறுவனம் 2023-ல் இந்தியாவில் தன் குவிக்புக்ஸ் கணக்குச் சேவைக்கு மூடுவிழா நடத்தியபோது, முன்கூட்டியே சொல்லித் தரவை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தது. டேலியிலும் நிரந்தர லைசென்ஸ் வாங்கியவர் வருடச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் புதிய பதிப்பும் இணைய வசதிகளும்தான் நிற்கும், கையில் இருக்கும் பதிப்பு ஓடும். ஆக, மனசு வைத்தால் முடியும். ஆனால் எல்லாமே அந்தந்தக் கம்பெனியின் மனசைப் பொறுத்ததாக இருக்கிறது. அதுதான் என் பிரச்சினை.

சட்டம் ஒருபக்கம் இழுக்கிறது

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128 என்ன சொல்கிறது? கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அண்ணாச்சி மாதிரி தனி வியாபாரிக்கு இது பொருந்தாது. ஆனால் ஜி.எஸ்.டி. பொருந்தும். சி.ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 36-ன்படி வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்கை வைத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் போட்ட ஒரு பில்லை 2031 டிசம்பர் வரை காட்டத் தயாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். அதற்குள் எத்தனை கணினி சாகும், எத்தனை மென்பொருள் பதிப்பு மாறும், எத்தனை கணக்குப்பிள்ளை வேலை மாறிப் போவார்?

மின்னணு முறையில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு விதி இன்னும் கறார். அந்தக் கணக்கு எல்லா நேரமும் இந்தியாவில் எடுத்துப் பார்க்கக்கூடியதாக, பின்னாளில் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். 'எல்லா நேரமும்' என்றால் லைசென்ஸ் முடிந்த மறுநாளும் சேர்த்துத்தானே? 'சார், ஆக்டிவேஷன் ஆகவில்லை' என்று அதிகாரியிடம் சொன்னால் ஒப்புக்கொள்வாரா?

பொறுப்பு முழுக்கக் கணக்கு வைத்திருப்பவர் தலையில். சாவி முழுக்க மென்பொருள் விற்றவர் கையில். பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் இன்னொருவரிடமும் இருந்தால் என்ன ஆகும் என்று மேலாண்மைப் பாடத்தில் முதல் செமஸ்டரிலேயே படித்துவிட்டோம்.

அப்போ கிராக் போட்டுவிடலாமா?

நண்பர்கள் சிலர் உடனே இங்கே வந்து நிற்பார்கள். 'இதெல்லாம் எதுக்கு மாப்ள, நெட்ல கிராக் இருக்கு, அஞ்சு நிமிஷ வேல.' அன்றைக்கு அண்ணாச்சியின் கணினியைக் கொண்டுவந்த சர்வீஸ்காரரும் இதையேதான் சொன்னார். ஆடிட்டர் சார் கறாராக வேண்டாம் என்றார். அவர் சொன்னதுதான் சரி.

முதல் காரணம், மென்பொருள் எழுதுகிறவரும் சம்பளம் வாங்கிச் சாப்பிட வேண்டும். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினால் திருட்டு, மென்பொருளைத் தூக்கினால் சாமர்த்தியமா?

இரண்டாவது, சட்டம். காப்புரிமைச் சட்டம் 1957-ன் பிரிவு 63பி-யின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம் உண்டு. அதே சட்டம் பிரிவு 52-ல், முறையாக வாங்கியவர் இழப்பிலிருந்து காத்துக்கொள்ள பேக்கப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அதாவது, சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது, வாங்கியவனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று.

மூன்றாவது, கிராக் போட்டவன் யார், அதற்குள் என்ன வைத்தான் என்று நமக்குத் தெரியாது. ஒரு வியாபாரியின் வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர், வரி எல்லாம் இருக்கும் பெட்டியை முகம் தெரியாதவன் செய்த கள்ளச்சாவியால் திறப்பதா?

ஆகவே பூட்டே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. பூட்டு எந்த அறையில் இருக்க வேண்டும் என்பதுதான்.

என்னதான் வேண்டும்?

ஒன்று. லைசென்ஸ் முடிந்தாலும், ஆக்டிவேஷன் தடைபட்டாலும், பழைய கணக்கைத் திறந்து பார்க்கவும், அச்சிடவும், எக்செல் மாதிரி பொதுவான வடிவத்தில் வெளியே எடுக்கவும் முடிய வேண்டும். புது வவுச்சர் போடுவதைத் தடுக்கட்டும். அது அவர்கள் உரிமை. எழுதியதைப் படிப்பது என் உரிமை.

'அதெல்லாம் அரசு எப்படி மென்பொருள்காரனிடம் சொல்ல முடியும்?' என்று கேட்பவர்களுக்கு: ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் கட்டாயம் ஆடிட் டிரெயில் இருக்க வேண்டும், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்று கம்பெனிகள் (கணக்குகள்) விதி வந்தது. அந்த வசதி இல்லாத மென்பொருளைக் கம்பெனிகள் பயன்படுத்தவே கூடாது. விதி வந்ததும் மென்பொருள்காரர்கள் அந்த வசதியைச் சேர்த்தார்கள். அதே விதியில் இன்னொரு வரி சேர்ப்பது மலையைப் புரட்டும் வேலையில்லை. 'லைசென்ஸ் முடிந்த பிறகும் கணக்கைப் படிக்க முடிகிற மென்பொருளையே பயன்படுத்த வேண்டும்.' அவ்வளவுதான். அரசுக்காகத் தடம் வைக்கச் சொல்ல முடிகிறதென்றால், வியாபாரிக்காக வாசல் வைக்கவும் சொல்லலாம்.

இரண்டு. லைசென்ஸின் சொந்தக்காரர் யார் என்பதற்கு பில்லும் ஜி.எஸ்.டி. எண்ணும் சாட்சியாக இருக்க வேண்டும், மின்னஞ்சல் முகவரி மட்டும் போதாது. பான் கார்டு, ஜி.எஸ்.டி. சான்றிதழ் காட்டினால் ஒரே நாளில் சாவியை மாற்றிக் கொடுக்கும் வழி இருக்க வேண்டும். அதுவரை ஒரு வாரத்துக்காவது தற்காலிகச் சாவி கொடுக்கலாம். எஸ்.ஏ.பி. நிறுவியவுடனே நான்கு வாரம் கொடுக்கிறது, நினைவிருக்கிறதா?

மூன்று. ஒரு மென்பொருளை நிறுத்தப் போகிறார்கள் என்றால், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பூட்டில்லாத கடைசிப் பிரதி கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அடோபி 2013 வாக்கில் செய்து காட்டிய காரியம்தான்.

இதெல்லாம் வரும்போது வரட்டும். வகுப்புத் தோழர்களே, அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் நம்மில் பாதிப்பேர் ஏதோ ஒரு கடையிலோ ஆபீசிலோ கணக்கு மென்பொருள் முன்னால் உட்காரப் போகிறோம். ஆக்டிவேஷன் கட்டத்தில் மின்னஞ்சல் கேட்கும். அவசரத்தில் நம் முகவரியைப் போட்டுவிடாதீர்கள். முதலாளிக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் கடையின் பெயரில் ஒன்று உருவாக்குங்கள். கடையின் செல்போன் நம்பரையே கொடுங்கள். சீரியல் நம்பர், கீ, கடவுச்சொல், வாங்கிய பில் நான்கையும் ஒரு கவரில் போட்டு முதலாளி கையில் கொடுங்கள். பட்டா, பத்திரம் வைக்கிற இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். வருடம் முடிந்து கணக்கை மூடியதும் பேரேடு, நாள்வழி, பாக்கிப் பட்டியல் மூன்றையும் பி.டி.எஃப். ஆகவும் எக்செல் ஆகவும் எடுத்துத் தனியாக வையுங்கள். மென்பொருளின் பேக்கப், அந்த மென்பொருளுக்கு மட்டும்தான் புரியும். அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

பி.காம் முடித்தவனின் வேலை வவுச்சர் தட்டுவது மட்டும் என்றால் அதற்குக் கணினியே போதும், நாம் வேண்டியதில்லை. ஒரு வியாபாரியின் வாழ்நாள் உழைப்பு எண்களாக நம் கைக்கு வருகிறது. அதை எழுதினால் மட்டும் போதாது, எழுதியதை அவர் எப்போது கேட்டாலும் திறந்து காட்ட முடிய வேண்டும். காகிதப் பேரேட்டுக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். நமக்கு மென்பொருள்காரர்கள் இன்னும் அந்த வசதியை உறுதியாகத் தரவில்லை. கேட்டு வாங்க வேண்டியதுதான்.

உங்கள் ஊரில், உங்கள் ஆபீசில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். 'பூட்டே கூடாது, கட்டற்ற மென்பொருள்தான் ஒரே தீர்வு' என்கிற நண்பர்களும் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம், செமஸ்டர் முடியட்டும் :-)